பதினொரு வெற்றிகளுக்குப் பின்னால்: இந்திரஜித் குப்தாவின் நாடாளுமன்ற வாழ்க்கை

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இந்திரஜித் குப்தா என்ற பெயர் ஒரு வரி விடை. மக்களவைக்கு மிக அதிக முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார் என்று கேட்டால் அந்தப் பெயரை எழுத வேண்டும். எத்தனை முறை என்று கேட்டால் பதினொன்று. வாஜ்பாய், சோம்நாத் சாட்டர்ஜி, லட்சத்தீவின் பி.எம். சயீத் ஆகியோர் பத்து முறை வென்றவர்கள். 1999இல் குப்தா எட்டிய அந்தப் பதினொன்றை இன்றுவரை யாரும் தொடவில்லை. ஆனால் அந்த ஒரு வரி விடையோடு நின்றுவிட்டால் விசித்திரமான சில உண்மைகள் கண்ணில் படாமலே போய்விடும். அவரிடம் சொந்தத் தொகுதி என்று சொல்லத்தக்க ஒன்று நெடுங்காலம் இருந்ததில்லை. அவர் சார்ந்த இந்திய கம்யூனிஸ்ட் கட்சி மத்தியில் ஆளுங்கட்சியாக இருந்த காலம் இரண்டு ஆண்டுகூட இல்லை. ஏறத்தாழ 37 ஆண்டுகள் அவையில் இருந்த அவர், அதில் பெரும்பகுதியை எதிர்க்கட்சி வரிசையில், அதுவும் சிறிய கட்சிக்கு ஒதுக்கப்படும் இருக்கைகளில் கழித்தவர்.

ஒருவர் நாடாளுமன்றத்தில் நீண்ட காலம் நீடிப்பதற்கு நம் நாட்டில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: குடும்பச் செல்வாக்கு, சாதிக்கணக்கு, தொகுதிக்குக் கொண்டுவந்த பாலமும் ரயில் நிலையமும். இந்த மூன்றில் எதைக் கொண்டும் இந்திரஜித் குப்தாவின் கதையை விளக்க முடியாது. அவரை மீண்டும் மீண்டும் டெல்லிக்கு அனுப்பியது மேற்கு வங்கத்தின் இடதுசாரிக் கூட்டணிக் கணக்கு. அங்கே போன பிறகு அவரைப் பெரியவராக்கியது அவை விதிகளின் மீது அவருக்கிருந்த பிடியும், குரலை உயர்த்தாமல் பேசும் பழக்கமும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் அவர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இயலாது என்பது என் எண்ணம்.

குடும்பச் செல்வாக்கு இல்லை என்று சொன்னேன். அரசியலில்தான் இல்லை, அதிகாரத்தில் நிறையவே இருந்தது. 1919ஆம் ஆண்டு மார்ச் மாதம் கல்கத்தாவின் பிரம்ம சமாஜக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். தாத்தா பிகாரி லால் குப்தா, ரமேஷ் சந்திர தத், சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோருடன் 1869இல் லண்டனில் ஐ.சி.எஸ். தேர்வில் வென்ற முதல் தலைமுறை இந்தியர்களில் ஒருவர். இந்திய நீதிபதிகள் மாகாணத் தலைநகரங்களுக்கு வெளியே ஐரோப்பியர்களை விசாரிக்க முடியாது என்ற சட்டத்தில் உள்ள முரணைச் சுட்டிக்காட்டி அவர் எழுதிய குறிப்புதான், ரிப்பன் பிரபு காலத்தில் வெள்ளையர்களைக் கொதிப்படையச் செய்த 1883ஆம் ஆண்டு இல்பர்ட் மசோதாவுக்கு வித்திட்டது. பிற்காலத்தில் அவர் பரோடா சமஸ்தானத்தின் திவானாகவும் இருந்தார். இந்திரஜித்தின் அண்ணன் ரணஜித் குப்தாவும் ஐ.சி.எஸ். அதிகாரி, மேற்கு வங்க அரசின் தலைமைச் செயலாளர் பதவிவரை உயர்ந்தவர். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் படித்துவிட்டு கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரிக்குப் போனால், அடுத்தது ஐ.சி.எஸ். என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் 1930களின் இங்கிலாந்து இந்திய மாணவர்களுக்கு வேறொரு பாடத்தையும் சொல்லிக்கொடுத்தது. பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர்களில் ஒருவரான ரஜனி பாமி தத்தின் எழுத்தும் பேச்சும் ஒரு தலைமுறை இந்திய இளைஞர்களைத் திசை திருப்பின. ஜோதி பாசு, பூபேஷ் குப்தா, ரேணு சக்ரவர்த்தி ஆகியோர் அந்தக் காலத்தில் அங்கே படித்தவர்கள். தமிழகத்திலிருந்து போனவர்களும் உண்டு: குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தின் மோகன் குமாரமங்கலம் அதே கிங்ஸ் கல்லூரியில் படித்தார், அவர் தங்கை பார்வதி ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். மோகன் பின்னாளில் காங்கிரசில் சேர்ந்து இந்திரா காந்தியின் அமைச்சரவையில் இடம்பெற்று 1973இல் விமான விபத்தில் இறந்துபோனார். பார்வதி கிருஷ்ணன் கடைசிவரை கம்யூனிஸ்ட் கட்சியிலேயே இருந்தார். ஒரே வீட்டில் பிறந்து ஒரே கருத்தில் தொடங்கிய இருவர் இரு வேறு இடங்களில் போய் நின்றார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்திரஜித் குப்தா 60 ஆண்டுகளுக்கு மேல் ஒரே கட்சியில் இருந்ததன் கனம் புரியும்.

நாடு திரும்பியவர் போய்ச் சேர்ந்த இடம் ஹூக்ளி ஆற்றின் இரு கரைகளிலும் வரிசையாக நின்ற சணல் ஆலைகளின் வாசல். அந்தத் தொழிலின் நிலையைச் சற்றே விளக்க வேண்டும், ஏனென்றால் அவருடைய பிற்கால நாடாளுமன்றப் பேச்சின் அடித்தளம் அங்கேதான் போடப்பட்டது. சணல் விளைந்த நிலத்தின் பெரும்பகுதி கிழக்கு வங்கத்தில் இருந்தது. அதை நூலாக்கி, சாக்காக நெய்யும் ஆலைகள் எல்லாம் கல்கத்தாவைச் சுற்றி இருந்தன. 1947 பிரிவினை வயலை ஒரு நாட்டிலும் தறியை இன்னொரு நாட்டிலும் விட்டுவைத்தது. 1949இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்து, பாகிஸ்தான் குறைக்காமல் விட்டபோது மூலப்பொருள் வரத்தே நின்றுபோனது. பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் கிழக்கு உத்தரப்பிரதேசத்திலிருந்தும் ஆந்திரக் கடற்கரையிலிருந்தும் வந்து ஆலைக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்த லட்சக்கணக்கான தொழிலாளர்களின் கூலியும் வேலையும் இந்தப் பெரிய கணக்குகளுக்கு நடுவில் ஊசலாடின. அவர்களுடைய சங்கத்தை நடத்துவதற்கு ஆவேசப் பேச்சு மட்டும் போதாது. ஆலைக் கணக்கைப் படிக்கத் தெரிய வேண்டும், ஏற்றுமதி விலையும் இயக்குநர்களின் ஆதாயமும் தெரிய வேண்டும். கேம்பிரிட்ஜ் பட்டதாரி அதைச் செய்தார். 1950களில் அந்தத் தொழிலின் மூலதனத்தையும் உழைப்பையும் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

இதற்கிடையே 1948இல் மேற்கு வங்க அரசு கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தது. அவர் சிறைக்கும் தலைமறைவு வாழ்க்கைக்கும் போக வேண்டியிருந்தது. போலீஸ் தேடுகிற பட்டியலில் தம்பி, அதே அரசின் உயர் நிர்வாகத்தில் அண்ணன் என்ற நிலை அன்றைய வங்கத்து மேட்டுக்குடிக் குடும்பங்களில் அவ்வளவு அபூர்வமானதும் அல்ல.

1960இல் கல்கத்தா தென்மேற்குத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் வென்று அவர் இரண்டாவது மக்களவைக்குள் நுழைந்தார். கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசு, மாநில ஆட்சியைக் கலைக்க வழிசெய்யும் அரசியல் சாசனத்தின் 356ஆவது பிரிவின் கீழ் கலைக்கப்பட்டு ஓராண்டு ஆகாத நேரம் அது. 1962 பொதுத்தேர்தலிலும் அவரே வென்றார். அந்த அவையில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 29 இடங்கள். காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சி அதுதான். அந்த உயரம் நீடிக்கவில்லை. சீனப் போரும், அதைப் பற்றிய கட்சிக்குள்ளான சண்டையும், சோவியத்-சீனப் பிளவும் சேர்ந்து 1964இல் கட்சியை உடைத்தன. இந்திரஜித் குப்தா எஸ்.ஏ. டாங்கே தலைமையிலான பழைய கட்சியிலேயே தங்கினார். அவருடைய சொந்த மாநிலத்தில் தொண்டர்களில் பெரும்பகுதியினர் மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போய்விட்டார்கள். 1967 சட்டமன்றத் தேர்தலில் மேற்கு வங்கத்தில் மார்க்சிஸ்ட் கட்சி 43 இடங்களையும் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி 16 இடங்களையும் பிடித்ததைப் பார்த்தாலே தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது தெரியும்.

இங்கிருந்துதான் அவருடைய தேர்தல் வரலாறு வழக்கமான நீண்டகால உறுப்பினர்களின் வரலாற்றிலிருந்து விலகுகிறது. 1967இலும் 1971இலும் அவர் அலிப்பூரில் வென்றார்; கித்திர்ப்பூர் துறைமுகமும் அதைச் சுற்றியுள்ள தொழிலாளர் குடியிருப்புகளும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. 1977இல் தோற்றார். 1980இலும் 1984இலும் வங்கதேச எல்லையோரமுள்ள பஷீர்ஹாட்டில் நின்று வென்றார். 1989, 1991, 1996, 1998, 1999 ஆகிய ஐந்து தேர்தல்களிலும் மாநிலத்தின் தென்மேற்கே உள்ள மிதுனாப்பூரில் வென்றார். தொழிற்சங்கத் தலைவர் நகர்ப்புறத் தொகுதியில் தொடங்கி, கடைசியில் நெல் வயல்களும் செம்மண் காடுகளும் நிறைந்த தொகுதியில் போய் நின்றார். ஏன் இப்படி? கட்சியின் வலு ஒரு நகரத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு ஒதுங்கிக்கொண்டே போனது; இடது முன்னணிக்குள் தொகுதிப் பங்கீட்டில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த இடங்களில் எது உறுதியானதோ அங்கே கட்சி தன் மூத்த தலைவரை நிறுத்தியது. ஆகவே அந்தப் பதினொரு வெற்றிகளில் வேட்பாளரின் பங்கு எவ்வளவு, முன்னணியின் பங்கு எவ்வளவு என்று கேட்பது நியாயமான கேள்வி. 1980க்குப் பிறகான வெற்றிகளில் முன்னணியின் பங்கே பெரிது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் 1984ஐ மறந்துவிடக் கூடாது. இந்திரா காந்தி கொலையுண்டதை அடுத்து வீசிய அனுதாப அலையில் காங்கிரஸ் நானூறு இடங்களைத் தாண்டியது. ஜாதவ்பூரில் சோம்நாத் சாட்டர்ஜியே அன்று அரசியலுக்குப் புதியவரான மம்தா பானர்ஜியிடம் தோற்றார். அந்த ஆண்டிலும் இந்திரஜித் குப்தா வென்று, நாடு முழுவதிலும் தன் கட்சி பெற்ற வெறும் ஆறு இடங்களில் ஒன்றைக் கொண்டுவந்தார்.

1977 தோல்விதான் அந்தப் பட்டியலின் ஒரே இடைவெளி, அதற்குக் காரணமும் வெளிப்படை. நெருக்கடி நிலையை ஆதரித்த எதிர்க்கட்சி இந்திய கம்யூனிஸ்ட் கட்சி. சோவியத் உறவு, வலதுசாரி அபாயம் என்றெல்லாம் அதற்குக் கட்சி சொன்ன நியாயங்களை வாக்காளர்கள் ஏற்கவில்லை. கட்சிக்கு அந்தத் தேர்தலில் கிடைத்தவை ஏழே இடங்கள்: நான்கு கேரளத்தில், மூன்று தமிழகத்தில். வட இந்தியாவிலும் வங்கத்திலும் ஒன்றுகூட இல்லை. தமிழகத்திலிருந்து போன மூவர் கோயம்புத்தூரின் பார்வதி கிருஷ்ணன், திருச்சியின் எம். கல்யாணசுந்தரம், நாகப்பட்டினத்தின் எஸ்.ஜி. முருகையன். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நெருக்கடி நிலைக்கு எதிரான அலை வீசவில்லை, அ.தி.மு.க., காங்கிரஸ் கூட்டணியும் கைகொடுத்தது. மறு ஆண்டு பட்டிண்டாவில் கூடிய கட்சி மாநாடு நெருக்கடி நிலையை ஆதரித்தது தவறு என்று தீர்மானம் போட்டது. தவற்றை ஒப்புக்கொள்ள ஓராண்டு எடுத்துக்கொண்டார்கள் என்று குறை சொல்லலாம். ஒப்புக்கொள்ளாமலே காலம் தள்ளிய கட்சிகளையும் நாம் பார்த்திருக்கிறோம். எப்படியானாலும், ஜனநாயக மரபின் காவலர் என்று பின்னாளில் எல்லாக் கட்சியினரும் பாராட்டிய இந்த மனிதரின் வாழ்க்கையில் அந்த 21 மாத காலம் ஒரு கறைதான். அதைத் தவிர்த்துவிட்டு எழுதப்படும் புகழுரைகள் அவருக்கு நியாயம் செய்வதில்லை.

இனி அவை நடப்புக்கு வருவோம். மக்களவையில் ஒரு விவாதத்துக்கு எவ்வளவு நேரம் என்பதை அலுவல் ஆலோசனைக் குழு முடிவு செய்கிறது; அந்த நேரம் கட்சிகளின் உறுப்பினர் எண்ணிக்கைப்படி பிரித்துக் கொடுக்கப்படுகிறது. பத்து மணி நேர விவாதம் என்று வைத்துக்கொண்டால், 1984 அவையில் ஆறு பேர் கொண்ட கட்சிக்குக் கணக்குப்படி கிடைப்பது ஏழு நிமிடத்துக்கும் குறைவு. 1999இல் கட்சியின் பலம் நான்காகச் சுருங்கியபோது அது நான்கரை நிமிடம்கூட இல்லை. மணி அடித்த பிறகும் ஒருவரைப் பேசவிடுவதா என்பது சபாநாயகரின் விருப்பம். அவர் பேசட்டும் என்று மற்றவர்கள் அமைதியாக இருப்பது அவையின் விருப்பம். இந்திரஜித் குப்தாவுக்குக் கட்சி பலம் குறையக் குறைய அவையில் கிடைத்த கவனம் கூடிக்கொண்டே போனது என்பதுதான் வேடிக்கை. கேள்வி நேரம், கவன ஈர்ப்புத் தீர்மானம், ஒத்திவைப்புத் தீர்மானம், 1960களில் விதிப் புத்தகத்துக்கு வெளியே வழக்கமாக உருவாகி நிலைத்துவிட்ட பூஜ்ய நேரம் என்று சிறிய கட்சி உறுப்பினருக்குத் திறந்திருக்கும் ஒவ்வொரு கதவையும் அவர் பயன்படுத்தினார். எதிராளியின் வாதத்தை முதலில் நியாயமாக எடுத்துச் சொல்லிவிட்டு, பிறகு அதன் ஓட்டையைக் காட்டுவது அவர் பாணி. கூச்சலில் அடங்கிப்போன வாதத்தைவிடக் கேட்கப்பட்ட வாதம் மேல் என்று தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை மேசையில் கற்றுக்கொண்ட ஒருவரின் பாணி அது. 1992ஆம் ஆண்டுக்கான சிறந்த நாடாளுமன்றவாதி விருதை அவருக்கு வழங்கியபோது எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி என்ற பேதமில்லாமல் வரவேற்பு இருந்தது.

மூப்பின் அடையாளமாக அவருக்கு வாய்த்த இன்னொரு வேலை தற்காலிக சபாநாயகர் பதவி. பொதுத்தேர்தல் முடிந்து புதிய அவை கூடும்போது பழைய சபாநாயகரின் பதவி முடிந்துவிடுகிறது. புதியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் உறுப்பினர்கள் முதலில் உறுதிமொழி எடுத்தாக வேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப, வழக்கமாக அவையின் மிக மூத்த உறுப்பினர் ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமித்து, முன்னதாகவே உறுதிமொழி செய்துவைக்கிறார். 1991, 1996, 1998, 1999 என நான்கு முறை இந்த இருக்கையில் அமர்ந்தவர் இந்திரஜித் குப்தா. மாநிலம் மாநிலமாகப் பெயர் வாசிக்கப்படும். ஒவ்வொருவராக எழுந்து வந்து அவரவர் மொழியில் உறுதிமொழி சொல்லி, இருக்கையில் இருப்பவரை வணங்கிவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், வேலை முடிய இரண்டு நாளாகும். அந்த இரண்டு நாளும் பிரதமரிலிருந்து முதல்முறை உறுப்பினர்வரை எல்லோரும், சில இடங்களே வைத்திருந்த ஒரு கட்சியின் கதர் ஜிப்பாக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் தங்கள் பதவியைத் தொடங்கினார்கள்.

1996 தேர்தல் அவர் வாழ்க்கையின் கடைசிக் கட்டத்தைப் புரட்டிப்போட்டது. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. வாஜ்பாயின் முதல் அரசு 13 நாளில் விழுந்தது. பிரதமராகச் சொல்லி ஜோதி பாசுவை அழைத்தார்கள்; மார்க்சிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு அரசில் சேர்வதில்லை என்று முடிவெடுத்தது. அது வரலாற்றுப் பிழை என்று ஜோதி பாசுவே பிற்பாடு சொன்னார். பல கட்சிகள் சேர்ந்த ஐக்கிய முன்னணியின் சார்பில், காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு தர, தேவ கவுடா ஜூன் 1ஆம் தேதி பிரதமரானார். மார்க்சிஸ்டுகளும் வெளியிலிருந்து ஆதரிக்க, இந்திய கம்யூனிஸ்ட் கட்சி உள்ளேயே போவது என்று தீர்மானித்தது. 1990இல் சி. ராஜேஸ்வர ராவுக்குப் பிறகு கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த இந்திரஜித் குப்தா அந்தப் பொறுப்பை ஏ.பி. பரதனிடம் விட்டுவிட்டு, 1996 ஜூன் 29 அன்று உள்துறை அமைச்சராகப் பதவியேற்றார். சதுரானன் மிஸ்ரா வேளாண்மைத் துறையை ஏற்றார். இந்திய அரசில் கம்யூனிஸ்ட் ஒருவர் உள்துறையைப் பிடித்தது அதுவே முதல் முறை. எந்த உள்துறையின் உளவுப் பிரிவு ஒரு காலத்தில் இவருடைய கட்சிக்காரர்களின் நடமாட்டத்தைக் குறித்து வைத்ததோ, அதன் கோப்புகள் இப்போது இவர் மேசைக்கு வந்தன. அதே அமைச்சரவையில் நிதித்துறையில் ப. சிதம்பரம் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஐக்கிய முன்னணி எப்படிப்பட்ட கலவை என்பது விளங்கும்.

அமைச்சரான பிறகு அவர் வீடு மாறவில்லை. ஜன்பத் சாலையில் கிழக்கும் மேற்குமாக எதிரெதிரே நிற்கும் தூண் வரிசைக் கட்டடங்கள் இரண்டு உண்டு. கன்னாட் பிளேஸை வடிவமைத்த ராபர்ட் டார் ரஸ்ஸல் வடிவமைத்தவை. அவற்றில் மேற்கே உள்ள வெஸ்டர்ன் கோர்ட் எம்.பி.க்கள் தங்கும் விடுதி. டெல்லிக்குப் புதிதாக வரும் உறுப்பினர்கள் பங்களா கிடைக்கும்வரை தங்கிப் போகிற இடம். அங்கே இரண்டு அறை கொண்ட குடியிருப்பில்தான் இந்திரஜித் குப்தா பல ஆண்டுகள் இருந்தார். அங்கிருந்து நாடாளுமன்றத்துக்கு நடந்தே போகும் வழக்கமும் அவருக்கு இருந்தது. உள்துறை அமைச்சருக்கு என்று புல்வெளியோடு கூடிய பங்களா காத்திருந்தும் அந்த இரண்டு அறையே போதும் என்றார். டெல்லியில் பதவி போன பிறகும் பங்களாவைக் காலி செய்யாமல் நோட்டீஸ் வாங்குகிறவர்களைப் பற்றிய செய்திகளை வாசித்துப் பழகிய நமக்கு இது கட்டுக்கதைபோல் தோன்றும்.

எளிமையை மட்டும் வைத்து அமைச்சரை மதிப்பிட முடியாது. 20 மாதத்துக்கும் சற்றே அதிகமான அந்தப் பதவிக்காலத்தில் அவர் வெற்றிகரமான நிர்வாகியாக இருந்தாரா என்றால், ஆம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. ஜம்மு காஷ்மீரில் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் 1996 செப்டம்பரில் சட்டமன்றத் தேர்தல் நடந்து ஃபரூக் அப்துல்லா அரசு அமைந்தது. 1997இல் நாகா அமைப்பான ஐசக்-மூய்வா பிரிவுடன் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. இவை இரண்டும் அந்த அரசின் கணக்கில் சேர வேண்டியவை. உத்தரப்பிரதேசம்தான் தீராத தலைவலி. அங்கே 1996 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் குடியரசுத் தலைவர் ஆட்சி தொடர்ந்தது, அதாவது மாநிலத்தை ஆண்டது மத்திய அரசின் ஆளுநர் ரொமேஷ் பண்டாரி. அந்த மாநிலம் சீரழிவை நோக்கிப் போகிறது என்ற பொருளில் உள்துறை அமைச்சரே வெளிப்படையாகப் பேசியபோது, சொந்த அரசின் நிர்வாகத்தைத்தானே இவர் குறை சொல்கிறார் என்று எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொண்டன. 33 ஆண்டு எதிர்வரிசையில் உட்கார்ந்து பழகியவருக்கு, கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க வரவில்லை. 1997 அக்டோபரில் கல்யாண் சிங் அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பு நாளில் லக்னோ சட்டமன்றத்தில் ஒலிவாங்கிகள் பறந்தன, தேவ கவுடாவுக்குப் பின் பிரதமரான குஜ்ராலின் அமைச்சரவை குடியரசுத் தலைவர் ஆட்சிக்குப் பரிந்துரைத்தது, குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் மறுபரிசீலனை செய்யுமாறு அதைத் திருப்பி அனுப்பினார், அமைச்சரவை பின்வாங்கியது. கேரளத்தில் அதே 356ஆவது பிரிவால் ஆட்சி இழந்த கட்சியைச் சேர்ந்தவர் உள்துறையில் இருக்கும்போது அந்தப் பரிந்துரை போனது, அவருடைய அரசியல் வாழ்க்கையின் பெரிய முரண்களில் ஒன்று.

அரசைக் கவிழ்த்த கோப்பு தமிழகத்தைத் தொட்டது. ராஜீவ் காந்தி கொலையின் பின்னணியை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை 1997இல் உள்துறைக்கு வந்து சேர்ந்தது. நாடாளுமன்றத்தில் வைக்கப்படுவதற்கு முன்பே அதன் பகுதிகள் நவம்பரில் பத்திரிகையில் வெளியாகிவிட்டன. விடுதலைப் புலிகள் தமிழகத்தில் இயங்குவதற்கு இடம் கொடுத்ததாக தி.மு.க. மீது அறிக்கை குற்றம் சாட்டியிருந்தது. நவம்பர் 20 அன்று அறிக்கை அவையில் வைக்கப்பட்டது. முரசொலி மாறன் உள்ளிட்ட தி.மு.க. அமைச்சர்களை நீக்கினால்தான் ஆதரவு தொடரும் என்றது காங்கிரஸ். கூட்டணிக் கட்சியைக் கைவிட முடியாது என்று ஐக்கிய முன்னணி ஒரே குரலில் மறுத்தது. நவம்பர் 28ஆம் தேதி காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொண்டது. டிசம்பர் முதல் வாரத்தில் மக்களவை கலைக்கப்பட்டது. இந்திரஜித் குப்தா 1998 மார்ச் 19வரை காபந்து அரசில் தொடர்ந்தார். அதற்கு அடுத்த சில நாட்களுக்குள் தற்காலிக சபாநாயகராக அதே அவையின் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து, தன்னைப் பதவியிலிருந்து இறக்கியவர்களுக்கு உறுதிமொழி செய்துவைத்தார்.

அமைச்சராகச் செய்ததைவிட நிலைத்து நிற்பது, பதவி இறங்கிய பிறகு அவர் செய்த ஒரு வேலை. தேர்தல் செலவை அரசே ஏற்பது பற்றி ஆராய 1998இல் வாஜ்பாய் அரசு அமைத்த குழுவுக்கு அவர் தலைவரானார். மன்மோகன் சிங்கும் சோம்நாத் சாட்டர்ஜியும் உறுப்பினர்களில் இருந்தனர். பெரிய முதலாளிகளின் பணத்தில் நடக்கும் தேர்தல், பணம் இல்லாத கட்சிகளுக்குக் கதவைச் சாத்துகிறது என்பது அவர் நெடுநாளாகச் சொல்லிவந்த வாதம். குழு அந்த ஆண்டின் இறுதியில் கொடுத்த அறிக்கை அரசு நிதியை நியாயமான யோசனை என்று ஏற்றது. ஆனால் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, பொருளாகவே கொடுக்க வேண்டும் என்றது. வேட்பாளருக்கு இவ்வளவு டீசல் அல்லது பெட்ரோல், துண்டறிக்கைக்கு இவ்வளவு காகிதம், வாக்காளர் பட்டியலின் பிரதிகள், ஒலிபெருக்கி, கட்சிக்கு வாடகையில்லாத அலுவலகமும் தொலைபேசியும் என்று அந்தப் பட்டியல் போகிறது. தேர்தல் வேலையில் நேரடியாக இறங்கியவர்கள் எழுதிய பட்டியல் என்பது படித்ததும் தெரியும். தலைக்கு 10 ரூபாய் என்ற கணக்கில், 60 கோடி வாக்காளருக்கு மத்திய அரசு 600 கோடி ரூபாயும் மாநிலங்கள் சேர்ந்து அதே அளவும் போட்டு ஒரு நிதியம் அமைக்க வேண்டும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யாத கட்சிக்குக் காசு கிடையாது. 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையைக் காசோலையாகவோ வரைவோலையாகவோதான் வாங்க வேண்டும்.

அந்த அறிக்கையிலும் குறை உண்டு. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டும் உதவி, சுயேச்சைகளுக்கு இல்லை என்று அது வகுத்தது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குச் சாதகம். சுவரொட்டிக்கும் டீசலுக்கும் அரசு பணம் கொடுப்பதால் கள்ளப்பணம் தேர்தலிலிருந்து விலகிவிடாது என்ற விமர்சனமும் சரியானதே. செலவை முழுவதுமாகக் கட்டுப்படுத்தாமல் கூடுதல் பணத்தைச் சேர்ப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. எப்படியோ, எந்த அரசும் அதை நிறைவேற்றவில்லை. நாடு போனது நேர் எதிர்த் திசையில்: 2018இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டம் நன்கொடையாளரின் பெயரை மறைத்தது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று ரத்து செய்தது. அந்த வழக்கையொட்டி நடந்த விவாதங்களில் கால் நூற்றாண்டுக்கு முந்தைய குப்தா குழுவின் அறிக்கை மறுபடி மறுபடி எடுத்துப் பேசப்பட்டது.

1999இல் மிதுனாப்பூரில் கடைசியாக வென்றபோது அவருக்கு 80 வயது. புற்றுநோய் பிடித்திருந்தது. 2001 பிப்ரவரி 20ஆம் தேதி கொல்கத்தாவில் இறந்தார். காந்திய எளிமையையும் ஜனநாயகப் பார்வையையும் ஒருசேரக் கொண்டவர் என்று குடியரசுத் தலைவர் நாராயணன் அஞ்சலி செலுத்தினார். ஒரு கம்யூனிஸ்ட் தலைவருக்குக் காந்தியின் பெயரால் கிடைத்த பாராட்டை அவர் கட்சிக்காரர்களும் மறுக்கவில்லை.

அவர் விட்டுச்சென்ற மிதுனாப்பூரில் நடந்த இடைத்தேர்தலில் அதே கட்சியின் பிரபோத் பாண்டா வென்று 2014வரை இடத்தைக் காப்பாற்றினார். அதன் பிறகு அந்தத் தொகுதி திரிணமூல் காங்கிரசுக்கும், 2019இல் பாரதிய ஜனதாவுக்கும், 2024இல் மறுபடி திரிணமூலுக்கும் போனது. மேற்கு வங்கத்திலிருந்து இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு இப்போது மக்களவையில் ஒருவரும் இல்லை. 2019இலும் 2024இலும் அந்தக் கட்சி நாடு முழுவதிலும் வென்றவை இரண்டே தொகுதிகள்: ஒன்று திருப்பூர், மற்றொன்று, 1977இல் இந்திரஜித் குப்தா இல்லாத அவைக்கு எஸ்.ஜி. முருகையனை அனுப்பிவைத்த அதே நாகப்பட்டினம்.